தூள் பிறக்கும் இடம்

இழைப்புளி ஓட்டும் ஆசாரியின் காலடியில் சீவல் விழும். சுருள் சுருளாக விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடக்கும். சாயங்காலம் கூட்டி அள்ளினால் தீர்ந்தது. என் அப்பா காலத்துப் பட்டறையில் குப்பை என்றால் பெரும்பாலும் அதுதான். கைரம்பத்தில் தூள் வரும். அதுவும் கரடான, கனத்த தூள், நேரே தரைக்கு இறங்கிவிடும். சாண்டரும் ரூட்டரும் கட்டர் மெஷினும் வந்த பிறகு பட்டறையின் குப்பையே மாறிவிட்டது. நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் கருவி, மரத்தைப் பொடித்துத் தள்ளுகிறது. அந்தப் பொடியில் கனத்த பங்கு தரைக்குப் போகிறது. மீதி நாம் மூச்சுவிடும் காற்றோடு கலந்துவிடுகிறது.

காரைக்குடியில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகைதான் என் பட்டறை. முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளிலிருந்தும், பிரிக்கிற செட்டிநாட்டு வீடுகளிலிருந்தும் வரும் கதவு, நிலை, தூண்களைச் சீர்செய்து கொடுப்பது முக்கிய வேலை. இடையிடையே புது அலமாரி, கட்டில், சமையலறைப் பெட்டிகள். பட்டறைக்கும் அடுப்படிக்கும் இடையில் ஒரு முற்றம்தான் இருக்கிறது. மெஷின் ஓடும்போது பறப்பதை நான் மட்டும் சுவாசிப்பதில்லை. கொடியில் காயும் துணியில் அது படிகிறது, தொட்டிலில் தூங்கும் குழந்தையின் மூச்சிலும் போகிறது. தொழிற்சாலைக்கு ஆய்வாளர் வருவார். வீட்டுப் பட்டறைக்கு யாரும் வருவதில்லை. அதனால் இங்கே பொறுப்பு முழுவதும் தொழில் செய்கிறவன் தலையில்தான்.

தூளின் அளவைத் தெரிந்துகொண்டால் மற்றவை விளங்கும். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். நம் கண்ணுக்குத் தனியாகத் தெரியும் தூசி 40, 50 மைக்ரானுக்கு மேல். 10 மைக்ரானுக்குக் கீழே இருப்பது மூக்கு, தொண்டை தாண்டி உள்ளே போகும். 4 மைக்ரானுக்குக் கீழே இருப்பது நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போய்ச் சேரும். அசையாத காற்றில் 10 மைக்ரான் துகள் ஆறடி உயரத்திலிருந்து தரையைத் தொட ஏறக்குறைய பத்து நிமிடம் எடுக்கும். 1 மைக்ரான் துகளுக்கு அரை நாளுக்கு மேல் ஆகும். மெஷினை நிறுத்திவிட்டு முகமூடியைக் கழற்றித் தேநீர் குடிக்க உட்காருகிற நேரத்தில்தான் அந்த நுண்தூளை நிம்மதியாக உள்ளே இழுக்கிறோம்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொரு பையனுக்கும் செய்து காட்டுவேன். பொழுது சாய்ந்ததும் சாண்டரைக் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தி, விளக்குகளை அணைத்து, ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் அடிப்பேன். அதுவரை சுத்தமாக இருந்த காற்றில் வெளிச்சத்தின் பாதை முழுக்கத் தூள் மிதக்கும். "இவ்வளவுமா அண்ணே உள்ள போகுது?" என்று கேட்பான். அதற்கு மேல் அறிவுரை தேவைப்படாது. தொழில்சார் நலம் பார்க்கும் வல்லுநர்களும் இதே ஒளிக்கற்றை முறையைக் கொண்டுதான் தூள் எங்கிருந்து கசிகிறது என்று தேடுகிறார்கள்.

மரத்தூள் இருமலோடும் தும்மலோடும் நின்றுவிடுவதில்லை. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊர் நாற்காலிகளுக்குப் பேர்போனது. பக்கத்து மலைகளின் பீச் மரத்தை நம்பி வளர்ந்த ஊர். அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மி ஹேட்ஃபீல்ட், அரிதான ஒருவகை மூக்குப் புற்றுநோய் மரச்சாமான் தொழிலாளிகளிடம் மட்டும் அடிக்கடி வருவதைக் கவனித்தார். ரொனால்ட் மக்பெத், டொனால்ட் ஆச்செசன் ஆகியோருடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வு 1968-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ல் மரத்தூளை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. இந்த நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும். இருபது வயதில் சுவாசித்ததன் விளைவு அறுபதில் தெரியலாம். ஒரு பக்க மூக்கு மட்டும் நாள்கணக்கில் அடைத்திருந்தாலோ ரத்தம் கசிந்தாலோ, ஜலதோஷம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் போய்க் காட்டி, என்ன தொழில் செய்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

மரத்துக்கு மரம் தூளின் குணம் மாறும். நம் பெரியவர்களுக்கு இது தெரியாததல்ல. சேராங்கொட்டை மரத்தின் பால் பட்டால் தோல் வெந்துவிடும் என்று அதன் பக்கமே போகமாட்டார்கள். பிச்சாவரம் பக்கம் வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பறிக்கும் என்பதும் ஊரறிந்தது. பாலுக்குப் பயந்த அளவு தூளுக்கு நாம் பயப்படவில்லை. தோதகத்தி என்னும் ஈட்டி மரத்தில் டால்பெர்ஜியோன் என்ற சேர்மங்கள் உண்டு. ஒவ்வாதவர்களுக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் எடுக்கும். தேக்கில் இருக்கும் டிஆக்சிலப்பகோலும் அதையே செய்யும். தேக்கில் சிலிக்காவும் உண்டு. அதனால் அலகு சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய அலகு மரத்தைத் தேய்த்துக் கருக்கி இன்னும் நுண்ணிய தூளாக்கும். நேரத்துக்கு அலகைத் தீட்டுவதும் மாற்றுவதும் தூளைக் குறைக்கும் வேலைதான்.

எம்.டி.எஃப் பலகையின் கதை வேறு. மரநாரைப் பசையிட்டு அழுத்திச் செய்தது அது. அறுத்தால் சீவலே வராது, மாவுதான் வரும். அந்தப் பசையில் யூரியா ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. ஃபார்மால்டிஹைடும் முதல் வகைப் புற்றுநோய்க் காரணிதான். சமையலறைப் பெட்டி வேலைக்கு எம்.டி.எஃப் கேட்கிறவர்களிடம், பலகையைக் கடையிலேயே அளவு கொடுத்து அறுத்து வாங்கிவிடுவதாகச் சொல்லிவிடுவேன். பட்டறையில் துளையிடுவது, விளிம்பு ஒட்டுவது மட்டும் நடக்கும்.

இனி பட்டறையை அமைத்த விதம். காற்றை உறிஞ்சும் குழாய்க்கு ஓர் இயல்பு உண்டு. அதன் வாயிலிருந்து குழாயின் விட்டம் அளவு தள்ளிப் போனாலே உறிஞ்சும் வேகம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 4 அங்குலக் குழாயென்றால் 4 அங்குலத்துக்கு அப்பால் அது அனேகமாகச் செயலிழந்துவிடுகிறது. ஊதும் காற்று முப்பது மடங்கு தூரம் போன பிறகுதான் அதே அளவுக்குக் குறையும். ஆகவே தூள் பறந்த பிறகு மூலையில் ஒரு மெஷினை ஓட்டி அறை முழுவதையும் சுத்தம் செய்துவிடலாம் என்று நினைப்பது வீண். அலகு மரத்தைத் தொடும் இடத்திலேயே குழாயின் வாய் இருக்க வேண்டும், அந்த இடத்தைச் சுற்றி மூடியும் வைக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, தூசி உண்டாகும் இடத்துக்கு முடிந்தவரை அருகில் உறிஞ்சியை வைத்து அந்த இடத்தை முடிந்தவரை மூடச் சொன்னது. பத்துப் பேராவது வேலை செய்யும் ஆலைக்காக எழுதியது அது. ஒற்றை ஆள் பட்டறைக்கும் அதைவிட நல்ல விதி எனக்குத் தெரியவில்லை.

என்னிடம் இரண்டு வகை உறிஞ்சிகள் இருக்கின்றன. சாண்டருக்கும் ரூட்டருக்கும் வாக்குவம் கிளீனர்: சின்னக் குழாய், பலமான இழுப்பு. டேபிள் சாவுக்கும் பிளானருக்கும் புளோயர்: பெரிய குழாய், நிறையக் காற்று. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. பிளானர் ஒரு நிமிடத்தில் கொட்டும் சீவலை வாக்குவத்தின் குழாய் தாங்காது. சாண்டரின் சின்ன வாயில் புளோயரின் காற்று நுழையாது. பெரிய குழாய்க்குள் காற்று விநாடிக்கு 20 மீட்டர் வேகத்திலாவது போனால்தான் சீவல் நடுவழியில் தேங்காது. அதனால் வளைவுகளைக் குறைத்து, பாதையை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கினேன். ஓடாத மெஷினின் கிளைக் குழாயைத் தகடு தள்ளி மூடிவிடுவேன்.

மெஷினுக்கும் உறிஞ்சிக்கும் நடுவே சைக்ளோன் இருக்கிறது. தயிர் கடையும்போது மோர் பானையின் விளிம்புக்கு ஏறுகிறதல்லவா, அதேபோல் கூம்புக்குள் சுழலும் காற்றில் கனத்த தூள் சுவரோரம் ஒதுங்கி, வழுக்கிக் கீழே இருக்கும் டிரம்மில் விழும். நுண்தூள் மட்டும் மேலே ஏறி ஃபில்டருக்குப் போகும். டிரம்மின் மூடியில் ஊசி முனை அளவு காற்றுக் கசிவு இருந்தாலும் விழுந்த தூள் திரும்பக் கிளம்பிவிடும். அதனால் மூடியின் ரப்பர் வளையத்தை மாதாமாதம் பார்க்கிறேன். வாக்குவத்துக்குள் இருப்பது ஹெப்பா ஃபில்டர்; 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கக்கூடியது. சாதாரணத் துணிப்பை கனத்ததைப் பிடித்துக்கொண்டு நுண்ணியதை அறைக்குள்ளேயே திருப்பி ஊதும். அப்படிப்பட்ட உறிஞ்சி தரையைச் சுத்தமாக்கிக் காற்றைக் கெடுத்துவிடுகிறது.

ஃபில்டர் இல்லாமல் தூளை வெளியே ஊதிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. என் பட்டறை வீட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது தூள் வீட்டைவிட்டு விலகிப் போகும். பக்கத்து வீட்டு மாடியில் போய் இறங்கும். ஐப்பசியில் வாடை திரும்பினால் எங்கள் அடுப்படிக்கே வரும். வேறொருவர் மூச்சுக்கு அனுப்பிவிடுவதைத் தூள் கட்டுப்பாடு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

சாண்டரை மேசை மேல் வைத்துத் தேய்க்கிறவர்கள் உப்புத்தாளில் உள்ள ஓட்டைகள் அடித்தட்டின் ஓட்டைகளோடு நேராகப் பொருந்தியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்தச் சின்ன விஷயத்திலேயே பாதித் தூள் அடங்கும். பொருந்தாத தாளில் தூள் வெளியேற வழியில்லாமல் தாளுக்கும் மரத்துக்கும் நடுவே அரைபட்டு, மரத்தில் கீறல் போடும். தூளை உடனுக்குடன் இழுத்துவிட்டால் தாள் அதிக நாள் உழைக்கும், பாலிஷும் கண்ணாடி மாதிரி ஏறும். உடம்புக்காகச் செய்ததைக் கதவும் ஏற்றுக்கொள்கிறது.

பட்டறையில் கம்ப்ரஸர் காற்றால் சட்டையை ஊதித் தட்டுவது கூடாது. விளக்குமாற்றால் வறட்டுப் பெருக்கலும் கூடாது. ஈரத்துணி அல்லது வாக்குவம்தான். வேலைச் சட்டை பட்டறை ஆணியிலேயே தொங்கும். முற்றத்துக் குழாயில் கைகால் முகம் கழுவிய பிறகுதான் வீட்டு வாசற்படி.

பழைய கதவு வேலையில் மரத்தூளைவிடப் பெரிய ஆபத்து பெயின்ட்டில் இருக்கிறது. ரங்கூன், மௌல்மெயின் துறைமுகங்களிலிருந்து வந்த பர்மா தேக்கு நிலைகளின் மேல் தலைமுறை தலைமுறையாகப் பூசிய எண்ணெய் பெயின்ட் அடுக்கடுக்காக நிற்கும். அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் சாதாரணம். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம் என்ற உச்சவரம்பு வந்ததே 2016-ஆம் ஆண்டு விதிகளால்தான். நடைமுறைக்கு வந்தது 2017-ல். ஆகவே பழைய பெயின்ட் எதைப் பார்த்தாலும் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை தொடங்குவேன். ஈயத்தூள் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பாதுகாப்பு என்று ஓர் அளவே அதற்குக் கிடையாது.

ஒரு ஆச்சி தன் பிறந்த வீட்டுக் கதவைக் கொண்டுவந்து இறக்கினார்கள். "ஆசாரி, பழைய பெயின்ட்டு ஒரு பொட்டு இல்லாமத் தேச்சு, ரெண்டு நாள்ல குடுத்துருங்க."

"தேய்க்க மாட்டேன் ஆச்சி, நனைச்சுச் சுரண்டித்தான் எடுப்பேன். பத்து நாள் ஆகும்."

"மத்தவுக மெசின் போட்டுச் சட்டுன்னு முடிக்கிறாகளே?"

"அந்தத் தூளு உங்க பேரப்பிள்ளை விளையாடுற எடத்துக்கும் வரும் ஆச்சி. என் வீட்டுலயும் பிள்ளை இருக்கு."

ஆச்சி கதவை விட்டுவிட்டுப் போனார்கள். பாலித்தீன் விரித்து, தண்ணீர் தெளித்து, சுரண்டியால் ஈரமாகவே உரித்தெடுப்பது எங்கள் முறை. தீயால் எரித்து உரிப்பதில்லை. சூடு மிஞ்சினால் ஈயம் புகையாகவே எழும். உரித்ததைப் பைக்குள் கட்டித் தனியாக வைக்கிறோம். பெயின்ட் ஒட்டிய துண்டுக் கட்டையை வெந்நீர் அடுப்பில் போடவே கூடாது. பிளைவுட், எம்.டி.எஃப் துண்டுகளுக்கும் இதே விதிதான். மரத்தூள் அடுப்புக்காக வாங்க வருகிறவர்களுக்கு வெறும் மரத்தின் தூளை மட்டும் தனி டிரம்மிலிருந்து கொடுக்கிறேன். பழைய மரத்தை மெஷினில் ஏற்றும் முன் காந்தத்தை அங்குலம் அங்குலமாக ஓட்டிப் பார்ப்பதும் பழக்கம். மரத்துக்குள் முறிந்து கிடக்கும் ஆணி அலகில் பட்டால் கார்பைடு பல் தெறிக்கும், பொறியும் பறக்கும்.

அலகைப் பற்றிச் சொல்லாமல் பாதுகாப்பைப் பேச முடியாது. ஊர்ப் பட்டறைகளில் மார்பிள் கட்டரைப் பலகைக்கு அடியில் தலைகீழாகப் பூட்டி, கவசத்தைக் கழற்றி, ஸ்விட்சைக் கட்டிப்போட்டு டேபிள் சா ஆக்கிவிடுகிறார்கள். அது நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடும். அலகில் அச்சிட்ட உச்ச வேகம் அதற்குக் குறைவாக இருந்தால் பல் கழன்று பறக்கலாம். மூடியும் இல்லை, தூள் போக வழியும் இல்லை. விரலுக்கும் மூச்சுக்கும் ஒரே சமயத்தில் கேடு. என் பட்டறையில் அதற்கு இடமில்லை.

முறையான 10 அங்குல டேபிள் சாவிலும் பல்லின் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டரை நெருங்கும். அறுபட்ட மரம் உள்ளிறுக்கத்தால் மூடிக்கொண்டு அலகின் பின்பக்கத்தைக் கவ்வினால், பலகை அதே வேகத்தில் நம் வயிற்றை நோக்கித் திரும்பி வரும். அதைத் தடுக்கத்தான் அலகுக்குப் பின்னால் ரிவிங் நைஃப் என்ற தகடு நிற்கிறது. அதைக் கழற்றாதே, அலகின் நேர்கோட்டில் நிற்காதே, குறுகிய துண்டை விரலால் தள்ளாதே, அதற்கென்று வைத்திருக்கும் தள்ளுகோலை எடு: பையன்களுக்கு முதல் நாள் பாடம் இது. சுழலும் மெஷினுக்குக் கையுறை கூடாது. நூல் மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். மடித்துக் கட்டிய கைலி, தோளில் துண்டு, மணிக்கட்டில் சாமிக் கயிறு, மோதிரம் எல்லாம் வெளியே இருக்க வேண்டும். அலகை மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிக் கண்ணெதிரே வைக்க வேண்டும். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது.

காதும் இந்தத் தொழிலில் தேய்ந்துபோகும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பது கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். ரூட்டர் அந்த அளவைத் தொடக்கூடியது. காதடைப்பான் பத்து ரூபாய்ப் பொருள். போன காதுக்கு ஈடு இல்லை.

நெருப்பையும் மறக்க முடியாது. குவியலாகக் கிடக்கும் தூள் மெதுவாகப் புகையும். காற்றில் பரவிய தூள் பொறி பட்டால் வெடிக்கும். 2015 ஜூலை 17 அன்று இங்கிலாந்தின் பாஸ்லியில் மரமாவு ஆலை வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012-ல் இரண்டு அறுவை ஆலைகள் தூளால் வெடித்தன. வீட்டுப் பட்டறை அந்த அளவுக்குப் பெரிதல்ல. ஆனாலும் உத்தரத்தின் மேலும் ஸ்விட்ச் போர்டுக்குள்ளும் படிவதை மாதம் ஒருமுறை வாக்குவத்தால் எடுக்கிறேன், கொட்டகைக்குள் பீடிக்கு அனுமதியில்லை. இதைவிடப் பலர் அறியாதது லின்சீட் எண்ணெய்த் துணி. அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் சூடு வெளியேற முடியாமல் தானாகவே பற்றிக்கொள்ளும். 1991-ல் ஃபிலடெல்ஃபியாவின் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் எரிந்ததும் மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்ததும் இப்படிப்பட்ட துணியால்தான். எங்கள் துணிகள் முற்றத்துக் கொடியில் விரித்துக் காயும். காய்ந்த பிறகே குப்பைக்குப் போகும்.

முகமூடியைக் கடைசியில் சொல்லக் காரணம், அதன் இடமே கடைசிதான். உறிஞ்சியும் மூடியும் தவறவிட்டதற்கு அது காவல். "மாஸ்க் போட்டா மூச்சு முட்டுது அண்ணே" என்று கழற்றுகிற பையன்களை அதட்டிப் பயனில்லை. காற்றில் தூளைக் குறைத்துக் கொடுத்தால் முகமூடி சீக்கிரம் அடைக்காது, அவர்களும் கழற்ற மாட்டார்கள். துண்டைக் கட்டிக்கொள்வதும் துணி மாஸ்க்கும் நுண்தூளைத் தடுக்காது. என்95 வேண்டும், இரண்டு பட்டையும் தலைக்குப் பின்னால் போக வேண்டும், மூக்குத் தகடு அழுந்த வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று நுழைந்துவிடும். தின்னர், மெலமைன் பாலிஷ், பி.யூ அடிக்கும்போது என்95 உதவாது. ஆவியைப் பிடிக்கும் கரி அடைத்த கார்ட்ரிட்ஜ் மாஸ்க்தான் வேண்டும்.

இவ்வளவும் செய்தால் கட்டுபடியாகுமா என்று சக தொழிலாளர்கள் கேட்கிறார்கள். ஃபில்டர், மாஸ்க், வாக்குவப் பை, ஈரத்தில் சுரண்டும் கூடுதல் நாட்கள் எல்லாம் செலவுதான். அந்தச் செலவை ஆசாரி தன் நுரையீரலிலிருந்து கொடுத்துவந்ததால்தான் இத்தனை காலம் அது யார் கண்ணிலும் படவில்லை. நான் எழுதிக் கொடுக்கும் எஸ்டிமேட்டில் மரம், கூலி, பாலிஷுக்குக் கீழே 'தூள் செலவு' என்று தனி வரி இருக்கும். பேரம் பேசுகிறவர்கள் மரத்தில் குறைக்கச் சொல்வார்கள், கூலியில் குறைக்கச் சொல்வார்கள். பேசிப் பார்ப்பேன், சில சமயம் குறைத்தும் கொடுப்பேன். அந்த ஒரு வரியை மட்டும் குறைப்பதில்லை. அதைக் குறைத்துத்தான் வேலை வேண்டும் என்றால் கதவை வேறு பட்டறைக்கு எடுத்துப் போகச் சொல்லிவிடுவேன். ஒவ்வொரு ஊரிலும் ஆசாரிகள் கூடி இந்த வரியைத் தங்கள் எஸ்டிமேட்டில் சேர்த்துவிட்டால், அடுத்த தலைமுறை இந்தத் தொழிலுக்கு வரத் தயங்காது. தன் பிள்ளைக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் ஒவ்வொரு தகப்பனும் கூடவே தூள் பிடிக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும்.